வரிவிலக்கு கேட்டவர்

காந்திபுரத்தில் எங்கள் ஆடிட்டர் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே துணிக்கடை, அதற்கு மேல் கணினிப் பயிற்சி வகுப்பு, அதற்கும் மேல் நாங்கள். லிஃப்ட் வைக்கப் போவதாகக் கட்டட உரிமையாளர் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் சொன்னார், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் இடது காலில் கேலிப்பர். தொடையிலிருந்து ஷூ வரைக்கும் இரண்டு உலோகக் கம்பிகள், முழங்காலில் ஒரு பூட்டு, சுற்றிக் கட்டத் தோல் பட்டைகள். ஆறு வயதிலிருந்து அது இல்லாமல் நான் நின்றதில்லை. காலையில் ஒருமுறை ஏறுவதும் மாலையில் ஒருமுறை இறங்குவதும்தான் என் ஏற்பாடு, மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்க மாட்டேன். அன்றைக்கு டீ கொண்டுவந்தவர், "கீழ ஒருத்தர் மூணு சக்கர வண்டியில வந்து உங்களைக் கேக்கறாருங்க. மேல வர முடியாதாட்டம் இருக்குது" என்றார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் மாடித் திருப்பத்தில் ஒரு முதுகைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட அகலமான முதுகு. அவர் படியில் பின்புறமாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேல்படியில் ஊன்றி உடம்பைத் தூக்கி வைத்து, பிறகு கால்கள் இரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். என் ஷூ சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பினார். "நீங்க எதுக்குங்க அம்மணி இறங்குனீங்க? நான் பாதி வந்துட்டனே" என்றார். நானும் பாதி வந்துவிட்டதாகச் சொன்னேன். அதற்கு மேல் ஏறவும் இறங்கவும் இருவருக்குமே தெம்பில்லை. அந்தத் திருப்பத்திலேயே உட்கார்ந்து பேசினோம். கணினி வகுப்புக்குப் போகிறவர்கள் எங்களைத் தாண்டும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்கள்.

அவர் மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்றின் செயலாளர். சங்கம் என்றால் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. அன்னூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய ஜெராக்ஸ் கடை, அதன் சுவரில் ஒரு பலகை, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவுதான். ஊரில் தோட்டம் இருந்தது, அண்ணன் விவசாயம் பார்த்தார். இவருக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் போயின. கேலிப்பர் போட்டுக் கட்டை ஊன்றினால் கொஞ்ச தூரம் நடப்பார், வெளியூருக்கு வண்டிதான். எங்கள் அலுவலகத்தில் வரி வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கேலிப்பர் போட்டவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு ஒருவர் அன்னூரிலிருந்து வந்து கையூன்றிப் படி ஏறுவார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஜிஎஸ்டி வந்து சில மாதங்கள் ஆகியிருந்த நேரம் அது. சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே இரண்டு பில்கள் இருந்தன. ஒன்று பழையது, வாட் வரி இருந்த காலத்தில் கேலிப்பர் வாங்கியது. வரி என்ற இடத்தில் 'இல்லை' என்று பேனாவால் எழுதியிருந்தது. மற்றது புதியது, அதில் ஐந்து சதவீதம் இருந்தது. எவ்வளவு கூடிவிட்டது என்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை. "நமக்கு எல்லா எடத்துலயும் மத்தவங்களை விட ஒண்ணு கூடத்தானுங்க ஆகும்" என்றார். "பஸ்ஸுல ஏத்தி விட ஒரு ஆளு வேணும். ஆட்டோவுல வண்டியைத் தூக்கி வெக்கத் தனிக் கூலி. ஊட்டுல பாத்ரூம் கட்டுனா அதுக்கு ஒரு கம்பி. இந்த ஒரு பில்லுலதான் கொறஞ்சிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வாங்குனவுடனே அந்த 'இல்லை'யைப் படிச்சுப் பாத்துக்குவேனுங்க. இப்ப அதையும் எடுத்துப்போட்டாங்க."

அப்படித்தான் நான் அவருடைய மனுக்களை எழுதத் தொடங்கினேன். எங்கள் ஆடிட்டர் தடை சொல்லவில்லை. அலுவலக நேரத்தில் எழுதாமல் இருந்தால் சரி என்றார்.

ஒரு பொருள் எப்படி வரியில்லாப் பட்டியலுக்குள் போகிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து எண்களைத் தட்டியிருக்கிறேன். பஞ்சாங்கத்தைப் போல அது எங்கிருந்தோ அச்சாகி வருவதாகத்தான் எண்ணியிருந்தேன். அவரோடு சேர்ந்த பிறகுதான் அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ நின்று கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. பழைய முறையில் சென்னையோடு முடிந்துவிடும். சங்கங்கள் மனு கொடுக்கும், அமைச்சர் பட்ஜெட் உரையில் இன்னின்ன பொருளுக்கு விலக்கு என்று வாசிப்பார், கை தட்டுவார்கள், அரசாணை வரும். புதிய முறையில் மனு உள்ளூர் அலுவலகத்திலிருந்து ஆணையருக்கும், அங்கிருந்து எல்லா மாநில அதிகாரிகளும் சேர்ந்த ஒரு குழுவுக்கும் போக வேண்டும். அந்தக் குழு சரி என்றால்தான் டெல்லியில் கூடும் கவுன்சிலின் மேசைக்கு வரும். கவுன்சில் ஒப்புக்கொண்டால் மத்திய அரசு ஓர் அறிவிக்கை, மாநில அரசு ஓர் அறிவிக்கை. இவ்வளவுக்கும் முதற்படி, அந்தப் பொருளுக்கு உரிய எண்ணைச் சரியாகப் போடுவது. உலகத்தில் விற்கிற எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. கேலிப்பருக்குத் தொண்ணூறு இருபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அன்னூருக்குப் பேருந்தில் போவேன், அல்லது அவர் கடையைப் பூட்டிவிட்டு வருவார். இருவரும் பட்டியலை வரி வரியாகப் படிப்போம். அவருக்கு அதில் ஒரு சந்தோஷமும் ஒரு கசப்பும் இருந்தன. உயிருள்ள ஆட்டுக்கு வரியில்லை, குங்குமத்துக்கு இல்லை, கண்ணாடி வளையலுக்கு இல்லை. இதையெல்லாம் அவர் குறை சொல்லவில்லை. "கேட்டிருக்காங்க, குடுத்திருக்காங்க" என்பார். காது கேட்கும் கருவிக்கு வரியில்லை என்ற இடம் வந்தபோது மட்டும் தாளைக் கீழே வைத்துவிட்டார். "காது கேக்காதவனுக்கு இல்லை, காலு வராதவனுக்கு இருக்குது. டெல்லியில காதும் காலும் வேற வேற ஆளுங்களா?" என்று கேட்டார். அதை அப்படியே மனுவில் எழுத முடியாது என்றேன். "எழுதறது நீங்க எழுதுங்க. பேசறப்ப நான் பேசிக்கறேன்" என்றார்.

மனுவில் பொருள் தயாரிப்பவர் ஒருவரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். அதற்குக் கேலிப்பர் செய்யும் பாயைக் கேட்டோம். உக்கடத்துப் பக்கம் அவருடைய பட்டறை. எனக்கும் செயலாளருக்கும் எங்களைப் போன்ற நிறையப் பேருக்கும் அவர்தான் கேலிப்பர் செய்வார். காலை அளந்து காகிதத்தில் வரைந்து கம்பியை வளைக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டார். எட்டுப் பேர் வேலை செய்தார்கள், அதில் ஐந்து பேர் அங்கே செய்த கேலிப்பரையே போட்டிருந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது எங்கள் செயலாளர்தான். பாய் மனுவைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "நம்ம ஆளுங்களுக்கு நல்லதுன்னா போட வேண்டியதுதானேம்மா" என்றார். அவருடைய வரிக் கணக்கு எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தது. அதை நான்தான் பார்த்தேன்.

இந்த இடத்தில் கணக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாய் கம்பியும் அலுமினியமும் வாங்கும்போது பதினெட்டு சதவீதம் வரி கட்டுகிறார். செய்த கேலிப்பரை விற்கும்போது ஐந்து சதவீதம்தான் வாங்குகிறார். கட்டியது அதிகம், வாங்கியது குறைவு, அதனால் மிஞ்சியதை அரசு அவருக்குத் திருப்பித் தரும். அவர் விற்கும் பொருளுக்கு வரியே கிடையாது என்றாகிவிட்டால் திருப்பிக் கேட்கும் உரிமையும் போய்விடும். வரியில்லாப் பொருளைச் செய்கிறவன், அதற்காகத் தான் கட்டிய வரியைத் தன்னோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் அதை விலையில் ஏற்றுவான், இல்லாவிட்டால் நட்டப்படுவான். வெளிநாட்டிலிருந்து செய்து கொண்டுவருகிறவனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவன் பொருள் ஒரு வரியும் இல்லாமல் வந்து இறங்கும். வரியில்லை என்று பில்லில் எழுதலாம். உள்ளே வரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இது எனக்குத் தெரியாததல்ல. வருடக்கணக்காக மற்ற வியாபாரிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் மனுவை எழுதியபோது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. என் காலில் இருந்த பொருளை நான் ஒரு சரக்காக நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மனு சென்னைக்குப் போய், கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்த பிறகு, ஒருநாள் பாய்க்குத் திரும்ப வர வேண்டிய வரிக்கு விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருந்தேன். படிவத்தைப் பாதி நிரப்பியபோது கை நின்றுவிட்டது. நான் ஒரு கையால் வாங்கிக் கொடுப்பதை மறு கையால் இல்லாமல் செய்யச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன்.

அந்த ஞாயிறே அன்னூருக்குப் போனேன். செயலாளரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டிச் சொன்னேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். அவர் புத்திசாலி, இரண்டாவது முறை சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இது வந்துச்சுன்னா பாயி பட்டறைக்குக் கஷ்டம். அதானுங்க?"

"ஆமாங்கண்ணா. நமக்கும் வெல கொறையாதுங்க. கூடத்தான் செய்யும்."

"அம்மணி, இத்தனை வருசத்துல நாம கேட்டு எதாச்சும் ஒண்ணு வந்திருக்குதுங்களா? பஸ்ஸுல கம்பி கேட்டோம். தாலுகா ஆபீசுல சரிவுப் பாதை கேட்டோம். இது ஒண்ணுதான் மேல வரைக்கும் போயிருக்குது. இது வரட்டும். வந்தப்புறம் பாயிக்கு என்ன பண்றதுன்னு பாப்போம்."

"வந்தப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்கண்ணா."

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் ஒருவர் நிலத்துச் சிட்டாவை நகலெடுக்க வந்துவிட்டார். அவருக்கு எடுத்துக் கொடுத்து, சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டு, செயலாளர் வேறு பேச்சை எடுத்தார். நானும் விட்டுவிட்டேன். பேருந்தில் திரும்பும்போது, கூட்டத்தில் நான் பேசப் போவதில்லை, பேசுவது அவர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் கோவையில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. வியாபாரிகளின் கருத்தைக் கேட்கச் சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். மண்டபத்துக்கு ஏழு படிகள். பாயின் ஆட்கள் செயலாளரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அவருக்கு அது பிடிக்காது, அன்றைக்கு மட்டும் இடம்கொடுத்தார். இஸ்திரி போட்ட வேட்டி கட்டியிருந்தார். பம்ப்செட் செய்கிறவர்கள், நூற்பாலைக்காரர்கள், பொள்ளாச்சியிலிருந்து வந்த கொப்பரை வியாபாரிகள் என்று ஒவ்வொரு கூட்டமாக எழுந்து பேசினார்கள். எல்லோரும் தங்கள் பொருள்தான் ஏழைகளின் பொருள் என்றார்கள். எங்கள் முறை மதியத்துக்குப் பிறகு வந்தது, பாதிப் பேர் கிளம்பிப் போயிருந்தார்கள்.

அவர் பேசினார். நான் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததையே பேசினார். அரிசிக்கு ஏன் வரியில்லை, அது இல்லாமல் ஒரு மனிதனால் முடியாது என்பதால்தானே, இது இல்லாமல் என்னால் இந்த மண்டபத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். காதும் காலும் வேற வேற ஆளுங்களா என்பதையும் கேட்டார். மண்டபம் சிரித்தது, பிறகு கை தட்டியது. நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள்தான் மூத்த அதிகாரி. அவரும் சிரித்தார். நல்ல முகம். தலையை ஆட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டார். நானும் கை தட்டினேன், எனக்குத் தெரிந்ததை ஒரு நிமிடம் நான் மறந்தேபோனேன்.

பிறகு அந்த அம்மாள் கேட்டார். "விலக்கு கொடுத்தா இதைத் தயாரிக்கிறவங்களுக்கு இப்ப கிடைக்கிற ரீஃபண்ட் என்ன ஆகும்? தயாரிப்பாளர் யாராவது வந்திருக்கீங்களா?"

பாய் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கம்பி வளைக்கிறதுதாங்க எனக்குத் தெரியும். எங்க கணக்கெல்லாம் இந்தம்மாவுக்குத்தான் தெரியும்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். செயலாளர் மட்டும் திரும்பவில்லை, முன்னால் பார்த்தபடியே இருந்தார். யாரோ மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

நான் சொன்னேன். ரீஃபண்ட் நின்றுவிடும், விலை குறையாது, வெளியிலிருந்து வருவது மலிவாகும், இங்கே செய்கிறவர்களுக்குக் கஷ்டம் என்று நான்கே வாக்கியங்களில் சொல்லி முடித்தேன். என் தொழிலில் அதைச் சொல்ல அதற்கு மேல் தேவையில்லை. அப்புறம் குரல் கொஞ்சம் தடுமாற, விலக்கும் கொடுத்து, கட்டிய வரியையும் திருப்பிக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்றேன். "அது ஏற்றுமதிக்கு மட்டும்தாம்மா சட்டத்துல இருக்கு" என்று அந்த அம்மாள் மென்மையாகவே சொன்னார். தாளில் ஒரு கோடு போட்டார். அடுத்தவர்களை அழைத்தார்கள்.

திரும்பும்போது பாயின் வேனில்தான் மூவரும் வந்தோம். செயலாளரின் வண்டியைப் பின்னால் ஏற்றியிருந்தார்கள். அவிநாசி சாலைக்கு வந்ததும் செயலாளர் பேசினார், கோபமே இல்லாத குரலில்.

"எங்கிட்டச் சொன்னீங்க, அது நமக்குள்ள. அவுங்ககிட்ட எதுக்குங்க அம்மணி சொன்னீங்க?"

"கேட்டாங்கண்ணா."

"கேட்டா, தெரியாதுன்னு சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே. நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா எல்லாரும் நம்பிக்குவாங்க."

பாய் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. காந்திபுரத்தில் நான் இறங்கும்போது செயலாளரிடம், "வாரேனுங்கண்ணா" என்றேன். "சரிங்க" என்றார். எப்போதும் பார்த்துப் போகச் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. தற்போதைய வரி விகிதத்தில் மாற்றம் தேவையில்லை என்று கருதப்படுகிறது. ஒரே வரி. கருதியவர் யார் என்று அதில் இல்லை. அந்தக் கடிதத்தை அவர் எனக்கு அனுப்பவில்லை, சங்கத்து ஆள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் படிக்கட்டுக்கு வரவில்லை. நானும் அன்னூருக்குப் போகவில்லை. போயிருக்கலாம், ஒரு மணி நேரப் பயணம்தான். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் சொன்னது தவறு என்று சொல்ல முடியாது. சரி என்றும் அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. பட்டறையில் எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அது ஆறுதலாகவும் இருக்கும், சாக்காகவும் இருக்கும்.

அடுத்த வருடம் ஒரு பழுப்பு உறை வந்தது. சங்கத்து உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இதுல நம்பர் மட்டும் சரியான்னு பாக்கச் சொன்னாருங்க. வேற ஒண்ணும் மாத்த வேண்டாமுன்னாரு" என்றார். உள்ளே புதிய மனு. செயலாளரே தட்டச்சு செய்திருந்தார். அதே விலக்கு, அதே கோரிக்கை. பாயின் கையெழுத்து இல்லை. சொற்கள் நான் எழுதுவதைவிட நன்றாக இருந்தன, நேராக இருந்தன. எண் மட்டும் தவறு. சக்கர நாற்காலியின் எண்ணான எண்பத்தேழு பதின்மூன்றைக் கேலிப்பருக்குப் போட்டிருந்தார். நான் அதைப் பென்சிலால் அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, அதே உறையில் திருப்பிக் கொடுத்தேன். இந்த மனு நிறைவேறினால் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நிறைவேறாது என்றும் தெரியும். எண்ணைத் தவறாகவே விட்டிருந்தால் முதல் மேசையிலேயே திரும்பியிருக்கும். அது ஏனோ எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வருடமும் உறை வந்தது. சில வருடம் எண் சரியாகவே இருக்கும், இருந்தும் அனுப்புவார். நான் பார்த்து ஓரத்தில் ஒரு டிக் போட்டு அனுப்புவேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் வருத்தத்தோடு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நான்கிலக்க எண்ணைச் சரிபார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் உறை வரும் வாரத்தில் நான் விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்வேன்.

ஒரு வருடம் உறை வரவில்லை. பத்து நாள் கழித்துப் பாய் தொலைபேசியில் கூப்பிட்டார். செயலாளருக்கு வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த புண் முற்றிவிட்டதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்தும் சரியாகவில்லையாம், அன்று காலையில் போய்விட்டாராம். பாயின் வேனிலேயே போனேன். பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்கள் இறங்கி நடந்தபோது வீட்டு வாசல் முழுவதும் உலோகச் சத்தமாக இருந்தது. துக்க வீட்டுக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

அவருடைய அண்ணன் வெயிலில் கறுத்த, ஒடிசலான மனிதர். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டார், என் காலைப் பார்த்தே தெரிந்திருக்கும். "நீங்கதானுங்களா நம்பர் பாக்கற அம்மணி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மனு டைப் அடிச்சு முடிச்சான்னா, அம்மணிகிட்டப் போயிட்டு வரட்டும், அப்புறம்தான் அனுப்போணும்பான். ஒரு வாரம் வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பானுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், வேறு யாரோ வந்துவிட்டார்கள். அவர் என்னை மன்னித்திருந்தாரா என்பது அதிலிருந்து தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று. படி ஏறும்போது நடுவில் இரண்டு இடத்தில் நிற்கிறேன். சமீபத்தில் வரி விகிதங்களை மாற்றி அமைத்தார்கள். புதிய பட்டியல் வந்த அன்று அலுவலகத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் பொருளைத் தேடினார்கள். நான் தொண்ணூறு இருபத்தொன்றைத் தேடினேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. பாயின் பட்டறை நடக்கிறது. கேலிப்பரின் விலை வரியால் இல்லாவிட்டாலும் வேறு எதனாலோ ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ரீஃபண்ட் ஒழுங்காக வருகிறது. அன்றைக்கு மண்டபத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முன்பெல்லாம் நிறைய யோசிப்பேன். இப்போது அதற்கும் சோர்வாக இருக்கிறது.

சங்கத்துக்குப் புதிய செயலாளர் இன்னும் அமையவில்லை. மனு போன வருடம் போகவில்லை, இந்த வருடமும் போகாது என்று தெரிந்தபோது ஒரு மதியம் நானே உட்கார்ந்து எழுதினேன். அவர் கேட்டதையும் எழுதினேன், நான் மண்டபத்தில் தடுமாறிச் சொன்னதையும் எழுதினேன். பில்லில் வரி வேண்டாம், செய்கிறவன் கட்டியதும் திரும்ப வேண்டும், ஏற்றுமதிக்குச் செய்வதை எங்கள் கால்களுக்கும் செய்ய வேண்டும் என்று. எங்கள் ஆடிட்டர் வாங்கிப் படித்தார்.

"இதுக்குச் சட்டத்துல எடமில்லைங்களே."

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்கு?"

நான் உறையை எடுத்து முகவரி எழுதத் தொடங்கினேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓர் எழுத்துப் பிழையை மட்டும் காட்டினார்.

தபால் நிலையத்துக்கு ஆட்டோவில் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர் என் காலைப் பார்த்து இடம்விட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, நிற்க முடியவில்லை. கவுண்டரில் இருந்த பெண் உறையை எடை போட்டு, ஸ்பீட் போஸ்ட்டா என்று கேட்டு, ரசீதை அச்செடுத்துக் கொடுத்தாள். பழக்கதோஷத்தில் அங்கேயே நின்று படித்துப் பார்த்தேன். அனுப்புநர், பெறுநர், எடை, கட்டணம். அதற்குக் கீழே, கட்டணத்துக்கான ஜிஎஸ்டி.

"சில்லறை இருக்குதுங்களாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இருந்தது. கொடுத்தேன்.